சாப்பாட்டுக்குப் பிறகு

பத்துமலை ஆற்றங்கரையில் சுகுமாறன் நடுங்கத் தொடங்கியதும் சுற்றி நின்றவர்கள் "வேல் வேல்" என்று கத்தினார்கள். உறுமிக்காரர்கள் அடியைக் கூட்டினார்கள். அவன் மனைவி குமுதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அருள் வந்துவிட்டதாம்! அவன் தங்கை மாதவி மட்டும் நம்பவில்லை. அருள் வந்தவன் முருகனைக் கூப்பிடுவான். இவனோ பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு, "தலை வெடிக்குது பாப்பா" என்றல்லவா முனகுகிறான்?

காவடி இன்னும் தோளில் ஏறவில்லை. அதுதான் ஒரே ஆறுதல். மாதவி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி தறிகெட்டு ஓடியது. வேர்வை ஆறாய் வழிந்தது.

"அண்ணே, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"ரெண்டு நாளா போடலை. விரதம்லா."

"விரதத்துக்கும் மாத்திரைக்கும் என்ன?"

"டப்பாவுல என்ன போட்டிருக்கு? சாப்பாட்டுக்குப் பிறகு. கடைசி ரெண்டு நாளும் வெறும் பாலு, பழம். அது சாப்பாடா? சோறு இல்லை, மாத்திரையும் இல்லை."

போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் அண்ணன் கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தடவுவானே என்று, அந்த டப்பாவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவளே மாதவிதான். படித்த புத்தி! மூன்று வேளையும் தவறக்கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கக்கூடாதா?

அதுவும் யார்? ஆய்வுக்கூடத்தில் எலியின் இரத்தக்குழாயை வளையமாக நறுக்கி, கொக்கியில் மாட்டி, இதே மருந்தைத்தான் பத்து வருஷமாகச் சோதிக்கிறாள். நரம்பு முனை நோர்அட்ரினலின் என்ற சுரப்பைக் கக்கும், குழாய் இறுகும், அழுத்தம் ஏறும். கக்கிய முனையிலேயே ஓர் ஏற்பி காவல் இருக்கும். கக்கியது அதன்மேல் பட்டதும், "போதும், நிறுத்து" என்று முனைக்கே சொல்லும். அண்ணனின் மாத்திரை மூளையிலும் நரம்பிலும் அந்த ஏற்பியைத் தட்டிக்கொண்டே இருக்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், "போதும்" என்று சொல்ல ஆளில்லை. நரம்பு கொட்டோ கொட்டென்று கொட்டும். இந்த நிலையில் காவடியோடு படியேறினால் மூளையில் ஏதாவது குழாய் வெடித்துவிடும். அவள் உறுமிக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"உறுமியை நிறுத்துங்க! இது அருள் இல்லை!"

"வாயைக் கழுவு. சாமி குத்தம் ஆயிடும்," என்று சீறினாள் குமுதா.

"அண்ணி, சாமி கோவிச்சுக்கிட்டா நான் கால்ல விழுந்துக்கிறேன். அண்ணன் விழுந்துட்டா யாரு கால்ல விழறது?"

குமுதா கணவன் பக்கம் வந்து நின்றாள். இருவரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவனை முதலுதவிக் கூடாரத்துக்கு இழுத்துப்போனார்கள். பிரஷர் கருவி இருநூற்று முப்பது என்றது. டாக்டர் எண்ணைப் பார்த்தார், மாதவி சொன்னதைக் கேட்டார், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். குமுதாவின் பையிலிருந்த அதே டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை நீட்டினார்.

சுகுமாறன் உதட்டை இறுக மூடிக்கொண்டான். "நாப்பத்தெட்டு நாள் விரதம் பாப்பா. இப்ப வாயில போட்டா எல்லாம் போச்சு."

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. கெஞ்ச நேரமில்லை, நரம்பையும் ஏற்பியையும் விளக்கவும் நேரமில்லை. மாதவி அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, பாலும் பழமும் சாப்பாடா?"

"இல்லை."

"அப்ப இந்தப் பொட்டு மாத்திரை மட்டும் சாப்பாடா?"

அவன் மெல்ல வாயைத் திறந்தான்.

மாத்திரை இறங்கியதும் மாதவி டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டினாள். அவளே அழுத்தி ஒட்டியது, லேசில் வரவில்லை. "அரைகுறையா எழுதினது நான்தான் அண்ணே," என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.