செம்பியன் கிழித்த டோக்கன்கள்

கோர்ட்டு நோட்டீஸ் வந்த மத்தியானம் ஜஹனாரா முதலில் செய்த காரியம், அதை அரிசி டின்னுக்கு அடியில் சொருகியதுதான். கால் முறிந்து படுத்திருக்கிற மனுஷன் கண்ணில் பட்டால் சோறு இறங்காது. ஆனால் அப்துல் கரீமுக்குக் கால்தான் முறிந்திருந்தது, காது நன்றாகவே வேலை செய்தது.

"போஸ்ட்மேன் இன்னா குடுத்துட்டுப் போனாரு?"

"கரண்ட் பில்லு."

"கரண்ட் பில்லுக்குக் கையெழுத்து வாங்குவாங்களா? எடுத்துனு வா."

எழுத்துக் கூட்டிப் படித்தாள். தி.நகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் இருக்கிற தனியார் பார்க்கிங்கில் அப்துல் கரீமின் மூணு சக்கர மீன்பாடி வண்டி அஞ்சு மாசமாக நிற்கிறதாம். அதற்கு வாடகை அறுபதாயிரத்துச் சொச்சம். கட்டுகிற வரைக்கும் வண்டியை விடமாட்டார்களாம். ஆட்சேபணை இருந்தால் கோர்ட்டுக்குப் பதில் எழுத வேண்டுமாம்.

கரீம் முதலில் சிரித்தார். "அந்த வண்டிய எடைக்குப் போட்டாக்கூட ஆறாயிரம் தேறாது." அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. கால் சரியானதும் மிதிக்க அந்த வண்டிதான் இருக்கிறது. அதுவும் போனால் ஜஹனாரா ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்ச்சு வருகிற காசில்தான் ரெண்டு வயிறும்.

"செம்பியன் கீறானே. அவன்கிட்ட சொல்லிட்டுத்தானே வந்தேன்."

செம்பியன் அந்தப் பார்க்கிங்கில் ஊதல் ஊதுகிறவன். துணி மூட்டையோடு கடைப்படியில் கரீம் உருண்டு விழுந்த அன்றைக்கு, அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான். "வண்டிய நான் பாத்துக்கறேன் பாய்" என்று சொன்னவனும் அவன்தான். இதுதான் பார்த்துக்கொண்ட லட்சணமா? மறுநாள் மெஸ் வேலை முடிந்த கையோடு, அவனை நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று ஜஹனாரா கிளம்பிப் போனாள். வழியெல்லாம் திட்டு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே நடந்தாள்.

"அக்கா! பாய் எப்டி கீறாரு? நடக்கறாரா?"

செம்பியனுக்கு அம்பது வயசு தாண்டியிருக்கும். கம்பெனி கொடுத்த சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம். அவளுக்கு வாய் திறக்க நேரம் கொடுக்காமல் மூலைக்குக் கூட்டிப் போனான். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் வண்டி நின்றது. மூன்று சக்கரத்திலும் காற்று கிண்ணென்று இருந்தது. செயினுக்கு எண்ணெய் விட்டிருந்தான். சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பெரிய காகிதக் கட்டை எடுத்து அவள் கையில் வைத்தான். எல்லாம் பார்க்கிங் டோக்கன்.

"புதுக் கம்பெனிக்காரனுங்க வந்து மிஷினு வெச்சுட்டானுங்கக்கா. டோக்கன் இல்லாத வண்டிய கிரேன் வெச்சுத் தூக்கிடறானுங்க. நம்ம பாய் வண்டிய நான் வுட்டுக்குடுப்பனா? டெய்லி காலீல மொத வேலையா அதுக்கு ஒரு டோக்கன் கிழிச்சு வெச்சிருவேன். ஒரு நாள் தப்பல பாத்துக்க. மேனேஜரு கேட்டதுக்குக்கூட, இது மீர்சாகிப்பேட்டை கரீம் பாய் வண்டி சார்னு அட்ரஸ் மொதக்கொண்டு சொல்லிட்டேன். அப்பதான யாரும் கை வெக்கமாட்டாங்க?"

ஜஹனாராவுக்குப் புரிந்துவிட்டது. இவன் பாசத்தோடு கிழித்த ஒவ்வொரு டோக்கனும் அந்த மிஷினுக்குள் பாக்கியாக ஏறியிருக்கிறது. அடுக்கி வைத்திருந்த திட்டெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது.

"சாப்ட்டியாப்பா?" என்றுதான் கேட்க முடிந்தது.

இலவச சட்ட உதவியில் ஷண்முகப்ரியா என்று ஒரு வக்கீல் பொண்ணு கிடைத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது சிம்பிள்ம்மா. நிறுத்தச் சொன்னதும் அவங்க ஆளு, டோக்கன் போட்டதும் அவங்க ஆளு. அவர் பேரைப் பதில்ல எழுதிட்டா கேஸ் நிக்காது" என்றாள்.

"அவருக்கு இன்னா ஆவும்?"

"வேலை போகும். பணத்தையும் அவர்கிட்டயே கேப்பாங்க."

"பேரு போடாம எழுதுனா?"

"அப்போ வண்டியை மறந்துட வேண்டியதுதான்."

சாயங்காலம் புருஷனுக்குக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"ஆட்டோவுல என் காலைத் தன் மடியில வெச்சிகினு வந்தான் ஜஹனா. நான் அலறிகினே வந்தேன். கழுத்துல இருந்த ஊதலைக் கழட்டி என் வாயில குடுத்து, கடிச்சுக்க பாய்னான். இன்னும் அதுல என் பல்லுத் தடம் இருக்கும்."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? ஜஹனாரா பேப்பரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்பது வயசுக்கு மேல் கற்றுக்கொண்ட எழுத்து, ஒவ்வொன்றும் யோசித்து யோசித்துத்தான் வந்தது.

'ஐயா, வண்டி எங்களுடையது. நிறுத்தியது நாங்கள். பார்த்துக்கொண்டவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார். அவர் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வண்டியைக் கொடுத்தால் ஓட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறோம்.'

வக்கீல் பொண்ணு தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனாலும் அதையே தாக்கல் செய்தாள்.

கோர்ட்டில் பேசித் தீர்க்கச் சொல்லி சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். கம்பெனி மேனேஜர், வண்டி அங்கே நின்றதற்குச் சாட்சி சொல்லச் செம்பியனைக் கூட்டி வந்திருந்தார். அவனோ பாய்க்கு வண்டி திரும்பக் கிடைக்கப் போகிறது என்ற சந்தோஷத்தில் எண்ணெய் வைத்துத் தலைவாரி வந்திருந்தான். சமரசம் பேசுகிற ராமானுஜம் சார் பதிலைச் சத்தமாகப் படித்தார்.

"பார்த்துக்கொண்டவர்னு போட்டிருக்கே, யாரும்மா அது?"

ஜஹனாரா தரையைப் பார்த்தாள். கரீம் ஃபேனைப் பார்த்தார்.

"பாய்கிட்ட எவ்ளோ சார் கேக்குறாங்க?" என்றான் செம்பியன்.

சொன்னார்கள்.

"நான் கிழிச்ச டோக்கனுக்கா?"

"டேய், வாய மூட்றா" என்றார் கரீம்.

"நீ மூடு பாய். என் பேர எங்கிட்டயே மறைக்கறியா நீ? ஐயா, நான்தான் வண்டிய வுடச் சொன்னேன். டோக்கனும் நான்தான் போட்டேன். பாய்க்கு ஒண்ணும் தெரியாது."

மேனேஜர் வெளியே போய் போனில் பேசிவிட்டு வந்தார். கேஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம், வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றார். செம்பியனைத் திரும்பிப் பார்க்காமலே, "நாளையிலேர்ந்து வராதே. சட்டையைக் குடுத்துட்டுப் போ" என்றார்.

கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார்கள். ஜஹனாரா வாங்கவில்லை.

"அவர்கிட்டயும் ஒரு பைசா கேக்கக் கூடாதுன்னு எழுதுங்க சார். எழுதிட்டு எனக்குக் காட்டுங்க. நான் படிச்சுப் பாத்துட்டுப் போடறேன்."

எழுதினார்கள். மெதுவாகத்தான் படித்தாள், எல்லாரும் காத்திருந்தார்கள்.

பார்க்கிங்கில் செம்பியன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு நின்றான். ஊதலை மட்டும் கொடுக்கவில்லை, அது அவன் சொந்தக் காசில் வாங்கியது.

"என் கால் இன்னும் சரியாவல. நீதான் மிதிக்கணும். ஏறு" என்றார் கரீம்.

"எனக்கு ஓட்டத் தெரியாது பாய்."

"இன்னாது?"

"இருபது வருசமா ஊரான் வண்டிக்கெல்லாம் ரிவர்ஸ் வா, ஒடிச்சு வான்னு வழி சொல்லிகினு இருந்தேன். நான் ஒரு சைக்கிள்கூட ஓட்டுனதில்ல."

ஜஹனாராவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அஞ்சு மாசத்துச் சிரிப்பு, முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

"அதனால இன்னா? இனிமே கத்துக்க. நீ மிதி, நான் வழி சொல்றேன். வர்ற கூலில பாதி பாதி" என்று சொல்லிவிட்டு, கரீம் பலகை மேல் ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்து கையை நீட்டினார். "அந்த ஊதல இப்டிக் குடு."

பல்லுத் தடம் இருந்த இடத்தில் சரியாகப் பொருந்தியது. அவர் ஊதினார், செம்பியன் மிதித்தான், ஜஹனாரா பின்னால் தள்ளினாள். பார்க்கிங் வாசலைத் தாண்டுவதற்குள் வண்டி ரெண்டு தடவை சுவரைப் பார்த்துப் போனது. தெருவுக்கு வந்ததும் பின்னால் ஒரு கார்காரர் விடாமல் ஹாரன் அடித்தார்.

கரீம் ஊதலை வாயிலிருந்து எடுத்தார்.

"இரு நைனா, கத்துக்கினு கீறான்."