வால்வு திறந்துதான் இருந்தது

என் கணவரை நான் எதிலும் சந்தேகப்பட்டதில்லை, அவர் பார்த்து வாங்கி வரும் கத்தரிக்காயைத் தவிர.

இருவருக்கும் ஒரே காகித ஆலையில் வேலை. அவர் பாய்லர் பொறுப்பாளர். புகைபோக்கிப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் யூனிட் என் பொறுப்பு. முதல் கோபுரத்தில் ஒரு கரைசல் அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாவது கோபுரத்தில் நீராவியால் சூடாக்கினால் வாயுவைக் கக்கிவிட்டு, மறுபடி பிடிக்கத் தயாராகும். நீராவி இல்லாவிட்டால் பிழியாத ஈரத்துணியால் தரை துடைக்கிற கதைதான். காகிதம் உலர்த்தவும் அதே நீராவிதான் என்பதால் ஆலையில் மேலாளர் உட்படப் பலருக்கு என்மேல் வயிற்றெரிச்சல்.

அன்று சோதனை ஓட்டம். வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் சரி என்றால் யூனிட் பிழைக்கும். இல்லாவிட்டால் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். "மேடத்துக்கு இல்லாத ஸ்டீமா?" என்று முந்தின நாள்கூட, நான் கழுவிய தட்டைத் துடைத்தபடி அவர் சொன்னார்.

காலையிலேயே இரண்டாவது கோபுரத்தின் சூடு இறங்க ஆரம்பித்தது. போன் செய்தேன்.

"பிரஷர் இல்லம்மா. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்," என்றார்.

அவர் குரலுக்குப் பின்னால் காதைக் கிழிக்கும் இரைச்சல். சேஃப்டி வால்வு. பாய்லரில் நீராவி மிஞ்சிப் போனால்தான் அது திறந்துகொண்டு கத்தும். அப்போதும் என் மனசு அவருக்காகச் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டுதான் இருந்தது.

மதியத்துக்குள் கரைசல் எதையும் பிடிக்காமல் போனது. மேலாளர் நிபுணர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஏட்டுல நல்லாத்தான் இருக்கும் சார். நடைமுறைக்கு ஒத்து வராது."

"ஸ்டீம் வரல. மீட்டரைப் பாருங்க," என்றேன்.

"மீட்டர்தான் கோளாறு. சேஃப்டி வால்வே கத்துற அளவுக்கு ஸ்டீம் இருந்துச்சு. கரைசல்தான் சரியில்ல." என் கணவரை வரச்சொல்லிக் கேட்டார். "இவங்க லைன் வால்வு என்னாச்சு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "திறந்துதான் இருக்கு சார்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போன வாரம் அவருக்குப் பதவி உயர்வு என்றபோது சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டுப் பீற்றிக்கொண்டவள் நான். அது எதற்கான கூலி என்று இப்போது புரிந்தது. ஸ்டீம் தர முடியாது என்று வீட்டிலேயே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதானே.

நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே, கோபுரத்துக்கு நீராவி வரும் குழாயில் ஓரிடத்தில் மேலுறை பிய்ந்து வெறும் இரும்பு தெரியும். வால்வு திறந்திருந்தால் அங்கே தொட்ட கையின் தோல் குழாயோடு போய்விடும். கையுறையைக் கழற்றினேன். உள்ளங்கையை விரித்து அதை நோக்கி நீட்டினேன்.

"சுட்டுடும்மா," என்று நிபுணர் ஒருவர் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

என் கணவர், நான் குக்கரை வெறுங்கையால் தொட்டாலே அடுத்த அறையிலிருந்து ஓடிவருகிறவர், நின்ற இடத்திலேயே நின்றார்.

நிபுணர் அவரைப் பார்த்தார். பிறகு என் கையை மெல்ல விட்டுவிட்டார். அதற்கு மேல் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் தொட்டேன். குழாய் சில்லென்று இருந்தது.