சுடாத தார்ரோடு

எட்டு மாதமாக யமுனா தன் வீட்டுக்காரரின் வாய்க்குக் காவல் இருந்தாள். பிச்சமுத்து, திருச்சியில் உறையூருக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஓடும் தனியார் டவுன் பஸ்ஸின் டிரைவர். பத்து வருடமாகச் சர்க்கரை. ட்ரிப்புக்கு ஒரு டீ, டீக்கு மூன்று கரண்டி சீனி என்று அதைப் பாலூட்டிச் சீராட்டி வளர்த்த மனிதர். போன ஆவணியில், சாப்பிடாமல் எடுத்த டெஸ்டிலேயே முந்நூற்று எண்பது வந்தது. அன்றைக்கு யமுனா இரண்டு காரியம் செய்தாள். சீனி டப்பாவைத் தூக்கி எதிர்வீட்டில் கொடுத்தாள். சர்க்கரை இறங்கினால் இரண்டு பேரும் வெறுங்காலோடு நடந்தே வருகிறோம் என்று சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டாள்.

சர்க்கரை இறங்கியது. அளந்து போட்ட சோறு, தட்டு நிறையக் கீரை, வேளை தவறாத மாத்திரை என்று அவள் பண்ணிய கெடுபிடிக்கு அது இறங்கித்தான் ஆகவேண்டும். பங்குனிக் கடைசியில் நூற்று முப்பது. மாத்திரைக்கும் கீரைக்கும் கொஞ்சம் புகழைப் பங்கு வைத்திருக்கலாம். யமுனா மொத்தத்தையும் அம்மன் பேரில் எழுதிவிட்டாள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் உடுத்திக் கிளம்பினார்கள். விடியற்காலையில் கிளம்பவேண்டியவர்கள், மாவிளக்குக்கு மாவு இடித்து முடித்ததில் ஒன்பது மணி ஆகிவிட்டது. காவிரிப் பாலம் தாண்டும்வரை பரவாயில்லை. திருவானைக்காவலைத் தாண்டிக் கொள்ளிடத்தை நெருங்கும்போது தார் கொதித்தது. சமயபுரம் போகிற கூட்டம் முழுக்க ஓரத்து வெள்ளைக் கோட்டில் ஒண்டிக்கொண்டு நடந்தது. யமுனா துள்ளினாள், மரத்தடிக்கு ஓடினாள், யாரோ ஊற்றிவிட்டுப் போன தண்ணீரில் பாதத்தை நனைத்துக்கொண்டாள்.

பிச்சமுத்து மட்டும் நடு ரோட்டில், ஆற்றுமணலில் காற்று வாங்கப் போகிறவர்போல நடந்தார்.

கூட வந்த பெண் ஒருத்தி அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அண்ணன்கிட்ட ஆத்தா முழுசா இறங்கியிருக்கா, பாருங்க" என்று குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். யமுனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை பெருமை.

"சுடவே இல்லையாங்க?" என்று கேட்டாள்.

"ஆத்தா நெனப்புல நடந்தா சுடாது" என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவள் அதைக் கவனிக்கவில்லை. டோல்கேட் தண்ணீர்ப்பந்தலில் யாரோ அவரிடம் நீட்டிய பானகத்தைத் தட்டி நீர்மோராக மாற்றிக் கொடுப்பதில்தான் அவள் கவனமெல்லாம் இருந்தது. வாயைக் காத்தவள் காலைக் கோட்டை விட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். நடந்துவந்த காலை மஞ்சள் தண்ணீரால் கழுவிவிடுவது அவள் அம்மா வீட்டு வழக்கம். தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்து, அவருடைய வலது பாதத்தைத் தூக்கினாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். பாதி உடைந்து தோல் தொங்கியது. பெருவிரலுக்குக் கீழே ஒரு கண்ணாடிச் சில்லு புதைந்து நின்றது. அவர் டிவியைப் பார்த்தபடி மோர் கேட்டார். அவள் சில்லை லேசாகத் தொட்டுப் பார்த்தாள். அவர் மறுபடியும் மோர்தான் கேட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்ததும், மற்றது எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியாததும், அதைச் சொல்லிச் சொல்லித் தான் சிரித்ததும் யமுனாவுக்கு ஞாபகம் வந்தது.

ஆட்டோ பிடித்து, அவர் வழக்கமாகக் காட்டும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாள். டாக்டர் சில்லை எடுத்து, இரண்டு காலுக்கும் கட்டுப் போட்டார். கால் எப்போதிலிருந்து மரத்திருக்கிறது என்று கேட்டதற்கு, இன்றைக்குத்தான் என்றார் பிச்சமுத்து. நர்ஸ் பெலிண்டா திகைத்துப்போனாள். போன மாதம் அவள்தான் அவர் கண்ணை மூடச் சொல்லி, உணர்ச்சி இருக்கிறதா என்று பாதத்தில் பத்து இடத்தில் நைலான் நூலை வைத்துப் பார்த்தவள். பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னாராம். இருந்தாலும் வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்கவேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாளாம். வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்டாள். யமுனா அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

புண் ஆறும்வரை காலை ஊன்றவே கூடாது, செவ்வாய்க்கிழமை திரும்ப வந்து காட்டவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ஆட்டோவில் வரும்போது உண்மை வெளியே வந்தது. ஒரு வருடமாகவே மரமரப்பு. அன்றைக்கு இமையைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, நர்ஸின் கை போகிற இடத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறார். தெரியவில்லை என்று சொன்னால் சீட்டில் எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டால் எந்த ஓனரும் ஸ்டியரிங்கைத் தரமாட்டான். அவள் வேண்டுதலை மறுக்காததும் அதனால்தான். நடக்கமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாளே. எட்டு மாதம் ஒரு பருக்கையைக்கூட எண்ணிப் போட்டவளிடம் ஒரு காலையே மறைத்துவிட்டார். கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் யமுனா உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் கட்டின்மேலேயே ஷூவைத் திணித்துக்கொண்டிருந்தார். பத்து நாள் லீவு போட்டால் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான் என்றார்.

"பிரேக் கால்ல தெரியுதா உங்களுக்கு?"

"இருபத்தாறு வருஷப் பழக்கம் யமுனா. தூக்கத்துலகூட மிதிப்பேன்."

யமுனா எழுந்து போனாள். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்தாள். ஷூவைக் கழற்றினாள். கட்டுக்கு வெளியே வலது காலின் ஐந்து விரல்களும் தெரிந்தன. தன் முந்தானையை மடித்து அவர் கண்ணை இறுக்கிக் கட்டினாள்.

"தொடும்போது சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப" என்றார் பிச்சமுத்து.

ஈர்க்குச்சி யமுனாவின் மடியில் கிடந்தது.

"இப்ப" என்றார். பிறகு, கொஞ்சம் அவசரமாக, "இப்ப."

அவள் அசையவில்லை. அழுகை மட்டும் அடக்கமுடியாமல் வந்தது. அந்தச் சத்தம் கேட்டு அவரே முந்தானையை விலக்கிப் பார்த்தார். மடியில் கிடந்த குச்சியைப் பார்த்தார். அவள் இரண்டு கையும் தரையில் ஊன்றியிருப்பதைப் பார்த்தார். ஒரு தடவையாவது தொட்டாயா என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

வெளியே முதல் ட்ரிப் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அது தூரமாகப் போய் மறையும்வரை அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மணி ட்ரிப்புல காலேஜ் பிள்ளைங்க படிவரைக்கும் நிப்பாங்க" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "ஓனருக்கு நீயே சொல்லிடு. எனக்கு வாய் வரல."