வியாழக்கிழமைக்கு மட்டும் ஒரு சீருடை

யாராவது படலையைத் திறந்துகொண்டு வந்து சும்மா தருகிறேன் என்றால், றஞ்சனி பொருளைப் பார்ப்பதில்லை. இன்றைக்கு ஏன் வந்தார் என்றுதான் பார்ப்பாள். மாத்தறையில் அப்பாவின் பலசரக்குக் கடையில் வளர்ந்தவள்.

வந்தவர் ஆழ்வாப்பிள்ளை. இறுப்பிட்டியில் பிள்ளைக்கு மாதம் எட்டாயிரம் வாங்கும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் முதலாளி. கையில் புத்தம்புது நீலச் சீருடை.

"தங்கச்சி, உம்மட மகள் கம்சிகாவை வியாழக்கிழமை ஒருநாள் எங்கட பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் பாருமன். யூனிபோமும் சும்மா."

"ஏன் அண்ணை, வெள்ளிக்கிழமை வந்தால் இங்கிலீஷ் ஏறாதோ?"

"பகிடிதான் உமக்கு."

"ஓ.எல் சோதனை வரைக்கும் காசு வாங்கமாட்டன் எண்டு எழுதித் தாங்கோ, விடுறன்."

அவர் சிரித்தபடி சீருடையைக் கதிரையில் வைத்துவிட்டு நழுவினார்.

பக்கத்து வீட்டு இராசேஸ்வரிதான் விஷயத்தை அவிழ்த்தாள். வியாழனன்று மாகாண அதிகாரி வருகிறார். தனியார் பள்ளிக்கும் தலைக்கு இவ்வளவென்று அரசாங்கம் கொடுக்கப்போகிறதாம். கம்சிகா படிக்கும் அரசுப் பள்ளியிலும் எண்ணுவார்; முப்பதுக்குக் குறைந்தால் அதை மூடிவிடுவார்கள். இருப்பதே முப்பத்திரண்டு பேர்.

"மூடினால் நாங்களும் எட்டாயிரம் கட்டவேண்டியதுதான்" என்றாள் இராசேஸ்வரி.

மாத்தறையில் மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்குத் தருமுன் அப்பாவின் கடையைப் பார்க்க வருவார். அன்றைக்கு அப்பா ஊர்க்காரர் கடைகளில் வெறும் பிஸ்கற் ரின்களை இரவல் வாங்கி முன்தட்டில் அடுக்குவார். வந்தவர் ஒருநாளும் மூடியைத் திறந்ததில்லை.

"என்ர பிள்ளை வெறும் ரின்னோ?" என்றாள் றஞ்சனி.

வியாழன் காலை கம்சிகாவுக்கு அந்த நீலச் சீருடையையே மாட்டி, அரசுப் பள்ளிக்குக் கூட்டிப்போனாள். வகுப்புகளில் பத்துக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

எண்ணிக்கொண்டு வந்த அதிகாரி கம்சிகாவின் முன் நின்றார். "ஏன் பிள்ளை, நீர் மட்டும் நீலம்?"

"இது இண்டைக்கு மட்டும் போடுறது சேர். ஆழ்வாப்பிள்ளை மாமா தந்தவர். இன்னும் பத்துப் பேருக்குக் குடுத்தவர். அவை அங்க போயிட்டினம்."

அதிகாரி ஏதோ எழுதிக் கோப்பை மூடினார். வாசலில் அவருக்காக நின்ற வான் வண்டியில் ஆழ்வாப்பிள்ளையின் பள்ளிப் பெயர் பளபளத்தது.

றஞ்சனி குறுக்கே போய் நின்றாள். "சேர், எழுதினதை ஒருக்கா வாசியுங்கோ."

அவர் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாசித்தார். "பதிவில் முப்பத்திரண்டு. அதில் பத்துப் பேர் இன்று மட்டும் தனியார் பள்ளியில்."

"நல்லது. கீழ கையெழுத்தையும் வையுங்கோ" என்று போனைத் தூக்கிப் பிடித்தாள். "வானுக்கை ஏறமுந்தி ஒரு படம் எடுக்கவேணும்."