இடது காலுக்கு ஒரு கிளட்ச்

மனைவியின் இடது முழங்கால் பதினெட்டாயிரம், கொஞ்சம் பேசினால் பதினாறரைக்குப் படியும், ஏனென்றால் அந்தக் கனமான கிளட்ச் செட்டின் விலை அதுதான்… உதிரிபாகக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, பெட்டியை இறக்குமுன் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கடைக்காரர் கேட்டார், வண்டி ஓட்டுறது யாரு சார்? நான்தான், என்றான், பொய் சொல்லும்போது மட்டும் அவன் குரலுக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும், வீட்டுல வேற யாரும்? இல்ல. தினமும் வேலைக்குக் காரை ஓட்டிப்போகிறவள் மனைவி, இவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், இன்ஜினுக்குப் பலம் ஏற்றுகிறேன் என்று எதையெதையோ மாட்டி, காலிச் சாலையில் விரட்டி, பழைய கிளட்ச்சை வழுக்க வைத்தவன் இவன், ஆனால் மச்சினன் வந்திருந்தபோது, உங்க அக்கா பெடல்ல கால வெச்சு வெச்சே கிளட்ச்ச தின்னுட்டா, என்று சொல்லிச் சிரித்தான், அவளும் கூடச் சிரித்தாள், ராத்திரி ஸாரி வேறு கேட்டாள்… கேட்கட்டுமே, கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கடைக்காரர் ஒரு பலகையில் இரண்டு பெடல்களைப் பொருத்தி வைத்திருந்தார், வாங்குகிறவன் மிதித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், அது அவர் சட்டம். இது லேசு சார், நெரிசல்ல தூங்கிக்கிட்டே ஓட்டலாம், உங்க இன்ஜினுக்கும் தாராளமா தாங்கும். அது செராமிக், உடும்புப் பிடி, ஆனா பெடல் கனம், அரை கிளட்ச்ங்கற பேச்சே கிடையாது, விட்டா குதிக்கும், கால் பத்திரம், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. அவன் கனமானதை மிதித்தான், தொடை இறுகியது, மறுபடி மிதித்தான், தன் காலால் இல்லை, அவள் காலால்… முதல் சிக்னலில் உதட்டைக் கடிப்பாள், சந்தையடியில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து நிற்கும்போது நெற்றி வேர்க்கும், பாலத்து ஏற்றத்தில் கைபிரேக்கை இழுத்துவிட்டு இவனுக்குப் போன் போடுவாள், ஏங்க, என்னால முடியல. அந்த ஒரு வாக்கியம் போதும். முழங்கால் ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் கேட்டருகே கம்பூன்றி இவனுக்காகக் காத்து நின்றாளே, வண்டிச் சத்தம் கேட்டதும் முகம் மலருமே, லேட்டானாலும் ஒரு வார்த்தை கேட்கமாட்டாளே, அவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாள்… இப்போது தங்கை வீடு, தோழி வீடு, வந்த பிறகுதான் தகவல், சாவி எங்கே என்று அவன் அவளைக் கேட்க வேண்டியிருக்கிறது, கால் குணமானதில் யாருக்கு லாபம்?

போன் அடித்தது, அவள்தான். ஏங்க, கடையிலயா இருக்கீங்க? விலை பாக்காதீங்க, காலுக்கு லேசா இருக்கறதா எடுங்க, பணம் நான் அனுப்பறேன், என்னாலதானே கெட்டுப்போச்சு. ம், லேசானதுதான் பாத்திருக்கேன், என்றான், குரலில் அதே கம்பீரம். உங்களுக்குத்தான் என் கால் பத்தித் தெரியும், தேங்க்ஸ்ங்க, என்று வைத்துவிட்டாள். கடைக்காரர் இரண்டு பெட்டியையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார், சார், லேசானதா? சொல்லலாம், ஆமாம் என்று ஒரு வார்த்தை, யாருக்கும் தெரியப்போவதில்லை, பாலத்தில் யாரும் நிற்கப்போவதில்லை… யாரும் கூப்பிடப்போவதும் இல்லை. அந்தக் கனமானதையே போடுங்க, ஆனா பதினெட்டெல்லாம் அநியாயம்.

பேசி முடித்து பில் எழுதும்போது போன் சிணுங்கியது, பணம் வந்துவிட்டது, கூடவே ஒரு வரி, மீதி இருந்தா ஏதாவது சாப்பிடுங்க, வெயில்ல நிக்காதீங்க. கிளட்ச் பதினாறரை, மாட்டுகிற கூலி இரண்டரை, ஆகப் பத்தொன்பது, அவள் அனுப்பியது இருபது… எல்லாம் சரி, இந்த ஆயிரத்தை மட்டும் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது?