ஓடையைத் தாண்டும் வரை

"தூக்குடா. நான் உள்ளேருந்து இழுக்கறேன், நீ காலைத் தூக்கு."

தம்பி அப்பாவின் இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக்கொண்டு நின்றானே தவிர, தூக்கவில்லை. ஜீப்பின் பின்கதவு திறந்திருந்தது. பின்சீட்டை மடக்கிவிட்டு, கூடாரத்தில் விரித்திருந்த மெத்தையை இழுத்து வந்து உள்ளே போட்டிருந்தாள் அவள். அதன்மேல் மண்டியிட்டு, அப்பாவின் அக்குளுக்கடியில் கைகொடுத்துப் பின்பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தாள். முதுகு விண்ணென்று தெறித்தது.

"ஷூவைக் கழட்டிடலாமாக்கா?"

"எதுக்கு?"

"தெரியல. ஷூவோட படுக்க மாட்டாரு இல்ல."

"தூக்குடா" என்றாள் மறுபடி, கொஞ்சம் சத்தமாகவே. தம்பி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவன். அவன் இப்போது அதட்டல் வாங்கிய பையன் மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஷூவோடு சேர்த்துக் கால்களைத் தூக்கினான்.

காலையில் முதலில் எழுந்தவர் அப்பாதான். எந்தக் கோடைப் பயணத்திலும் அப்படித்தான். அடுப்பைப் பற்ற வைத்து, தேநீருக்குத் தண்ணீர் போட்டுவிட்டு, மடக்கு நாற்காலியில் சாய்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் எழுந்து வந்தால், "நல்லா தூங்கினீங்களா, இல்ல கல்லு குத்திச்சா?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொள்வார். இன்று பாத்திரம் வற்றிக் கருகிய வாடை வந்த பிறகுதான் அவள் கூடாரத்தை விட்டு எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் தலை சரிந்து கிடந்தவரைத் தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினாள். கை ஓய்ந்தும் நிறுத்தவில்லை. தம்பி வந்து தோளைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. தொட்ட உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கைகளுக்குத்தான் அதை ஒப்புக்கொள்ள நேரம் பிடித்தது.

அதிலிருந்து அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கூடாரத்தைப் பிரித்தாள். முளைகளைப் பிடுங்கி மண்ணைத் தட்டிப் பையில் போட்டாள். போட்டதைக் கொட்டி மறுபடி எண்ணினாள். தம்பி பின்னாலிருந்த மேட்டில் ஏறி, ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் யாரிடமோ பேசிவிட்டு இறங்கினான். ஆம்புலன்ஸ் தார்ச்சாலை வரைதான் வருமாம். மேலே ஏறக்கூடிய வண்டி வேண்டுமென்றால் வனத்துறையில் சொல்லி வைக்க வேண்டுமாம். சாயங்காலம் ஆகலாம், நாளைக்கும் ஆகலாம். வெயிலோ அதற்குள் சுள்ளென்று ஏறிவிட்டிருந்தது.

"அதுவரைக்கும் இவர வெயில்ல வெச்சிருக்கிறதா?" என்றாள் அம்மா. காலையிலிருந்து அவள் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அது. பிறகு மகளைப் பார்த்துச் சொன்னாள்: "நீ ஓட்டு. ஆனா ஒண்ணு. அவர ஆட்டாம கொண்டு வரணும். தலை அப்படி இப்படி ஆடக் கூடாது. வேற எதுவும் நான் கேக்கல."

அம்மா கேட்டது சின்ன விஷயம் இல்லை. கீழே தார்ச்சாலை வரைக்கும் பாதை என்று ஒன்று கிடையாது. பள்ளமும் பாறையும்தான், நடுவில் ஒரு ஓடை வேறு. அப்பா லிஃப்ட் மெக்கானிக். வருஷம் முழுக்க இருட்டுக் குழாய்க்குள் கயிற்றையும் கப்பியையும் கட்டிக்கொண்டு அழுத மனிதர். "வருஷம் பூரா மேலயும் கீழயும் போறேன். ஒரு வாரமாவது பக்கவாட்டுல போறேனே" என்பார். கோடை விடுமுறை வந்தால் குடும்பத்தை ஜீப்பில் அடைத்துக்கொண்டு இந்த மலைக்கு வந்து, சாலை எங்கே முடிகிறதோ அங்கே தன் பயணத்தை ஆரம்பிப்பார். பின்சீட்டிலிருந்து அம்மா, "மெதுவாங்க, மெதுவாங்க" என்று கத்துவாள். அது அவர் காதில் 'இன்னும் கொஞ்சம்' என்றுதான் விழும். வீடு திரும்பி இரண்டு நாள் அம்மா இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

ஸ்டியரிங்கைத் தார்ச்சாலையில் மட்டும் மகளிடம் கொடுப்பார். சக்கரம் மண்ணில் இறங்கியதும், "நல்ல ரோடு உனக்கு, கெட்ட ரோடு எனக்கு, தள்ளி உக்காரு" என்று வாங்கிக்கொள்வார். அவளுக்கு இருபது வயதில் ஆரம்பித்த சண்டை அது. கல்யாணமாகி, கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊராரின் கண்ணைச் சோதித்து, தலையில் நரையும் எட்டிப் பார்த்த பிறகும் தீரவில்லை. நேற்று மேலே ஏறும்போதுகூடக் கேட்டாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். தம்பியிடம் கொடுக்கலாம் என்றால், அவனுக்குக் கியர் இல்லாத கார்தான் பழக்கம்.

அம்மா உள்ளே ஏறி, முன்சீட்டின் முதுகில் சாய்ந்து, அப்பாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் கூடாரத் துணியைச் சுருட்டி அண்டை கொடுத்தான் தம்பி.

"போலாமாம்மா?"

"மெதுவா."

அவள் நடக்கிற வேகத்தில் ஓட்டினாள். ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் நிறுத்தி, சக்கரத்தை அதன்மேல் அங்குலம் அங்குலமாக ஏற்றி, அதே மாதிரி இறக்கினாள். உடம்பு முழுக்க ஓடு, ஓடு என்றது. பிரேக்கில் இருந்த காலோ வண்டியை ஊர்ந்து போகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வளைவு தாண்டி நிமிர்ந்தால் கண்ணாடியில் அதே கூடாரத் திடல், அதே கருகிய அடுப்புக்கல். கத்த வேண்டும் போல இருந்தது அவளுக்கு. அப்பாமேல்தான் கோபம் வந்தது. கெட்ட ரோடு எனக்கு என்று வருஷக்கணக்காக வாய் கிழியப் பேசிவிட்டு, இருக்கிறதிலேயே கெட்ட ரோட்டில் கழற்றிக்கொண்டுவிட்டாரே என்று பல்லைக் கடித்தாள்.

"இடதுபக்கம் பள்ளம்கா" என்றான் தம்பி.

"தெரியுது."

"இல்ல, சொன்னேன்."

"வாத்தியாரே, கொஞ்சம் வாய மூடிட்டு வர்றியா?"

பின்னாலிருந்து அம்மா, "சண்ட போடாதீங்க, அவரு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். தூங்குகிறார் என்று சொல்ல வந்தாள் போல. என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டு வந்தது.

ஓடை வந்தது. மலையில் மழை பெய்திருக்க வேண்டும்; நேற்றைவிட இன்று தண்ணீர் ஏறியிருந்தது. அவள் கரையில் நிறுத்தி, எதிர்க்கரையில் ஏறும் இடத்தைக் கண்ணால் அளந்துவிட்டு, "ம், இறங்குங்க" என்றாள்.

அது அப்பாவின் சட்டம். ஓடை வந்தால் ஓட்டுகிறவர் தவிர எல்லோரும் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்னால் நடந்து தாண்டிவிட வேண்டும். வண்டியில் பாரம் குறையும், நடப்பவர் கால் தரையையும் சோதித்துச் சொல்லிவிடும். தம்பி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். அம்மா மடியிலிருந்த தலையைப் பூப்போல எடுத்துத் தலையணையில் வைத்தாள். தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் எழுந்து போகிற மாதிரி மெதுவாகப் பின்கதவு வழியாக இறங்கி, துணியை முழங்காலுக்கு ஏற்றிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தாள்.

பாதி ஓடையில் அம்மா நின்றாள். திரும்பி ஜீப்பைப் பார்த்தாள். தம்பியும் நின்றான்.

"அப்பா இறங்கல" என்றான். சொன்ன வேகத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான், தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

"அவரு என்னிக்குடா ஓடையில இறங்கியிருக்காரு?" என்றாள் அம்மா. "நாமதான் இறங்குவோம்."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையைப் பிடித்துக்கொள்ள இப்போது வண்டியில் ஆள் இல்லை. அம்மா திரும்பி வரப்போனாள்.

"வராதம்மா. தண்ணி ஜாஸ்தியா இருக்கு. பாரம் ஏறினா சக்கரம் புதைஞ்சிடும்."

அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றாள். முகத்தில் ஒரு பெரிய கணக்கு ஓடியது. பிறகு, "சரி, நீயும் அவருமா வாங்க. பாத்து வா. ஆட்டிடாத" என்று சொல்லிவிட்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்விட்டாள்.

ஜீப் தண்ணீரில் இறங்கியது. பாதிவரை ஒரு குறையும் இல்லை. கண்ணாடியில் பார்த்தாள், அப்பாவின் நெற்றி மட்டும் தெரிந்தது, அசையவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஆக்சிலரேட்டரில் இருந்த காலை இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். முன்சக்கரம் இரண்டு கற்களுக்கு நடுவில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கொடுத்துப் பார்த்தாள். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, சேற்றை வாரி அடித்தது. வண்டி பின்பக்கமாகக் கொஞ்சம் சரிந்தது. கதவின் அடிவழியாகத் தண்ணீர் கசிந்து அவள் பாதத்தை நனைத்தது.

மெதுவாகப் போனால் இங்கேயே நிற்க வேண்டியதுதான். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வருஷா வருஷம் எதிர்க்கரையில் நின்று, என்னைவிடப் பெரிய பிஸ்தாவா இவர் என்று பொருமிக்கொண்டே பார்த்ததுதான். கொஞ்சம் பின்னால் எடுத்து, ஒரே அழுத்தாக அழுத்தி, கல்லின் தலைமேலேயே ஏற்றித் தாண்டிவிட வேண்டும். வண்டி குதிரை மாதிரி துள்ளும். அப்பா அந்த நேரத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்.

கரையில் அம்மா இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அவள் ஒரு கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள். அப்பாவின் தோள் கிடைத்தது. நாற்காலியின் கட்டை மாதிரி இருந்தது. "அப்பா," என்றாள், "மன்னிச்சுக்கோங்க." கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தாள். பின்னால் எடுத்தாள். அழுத்தினாள்.

முன்பக்கம் வானத்தைப் பார்த்து எழும்பி, தொம்மென்று இறங்கியது. பின்சக்கரமும் ஏறி விழுந்தது. அவள் தலை கூரையில் இடித்தது. பின்னால் ஏதோ உருண்டு தகரத்தில் மோதும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. காலை எடுக்கவும் இல்லை. கரை ஏறிச் சமதரைக்கு வந்த பிறகுதான் நிறுத்தினாள்.

அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாள். "ஆடினாரா?"

"இல்லம்மா."

அம்மா பின்கதவைத் திறந்து ஏறினாள். தலை தலையணையை விட்டு நழுவி, தண்ணீர் கேனில் சாய்ந்திருந்தது. ஒரு கை மார்பிலிருந்து விழுந்து மெத்தைக்கு வெளியே கிடந்தது. அம்மா அதைப் பார்த்தாள். மகளைப் பார்க்கவில்லை. தலையை எடுத்து மடியில் வைத்து, கலைந்த முடியை விரலால் கோதிவிட்டாள். கையை எடுத்து மார்பில் வைத்து, அது நிற்கும்வரை பிடித்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பி வெகுதூரம் வந்த பிறகு அம்மா பேசினாள். "அந்தக் கரையில நின்னு எத்தன தடவ பாத்திருக்கேன். அந்த ஓடைய ஆடாம தாண்டின வண்டி இன்னும் பொறக்கல."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து எங்கே இருந்ததோ, மொத்தமும் வந்தது. பாதை தெரியாமல் மங்கியது. தம்பி கையை நீட்டி ஸ்டியரிங்கை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான்.

தார்ச்சாலையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அதன் டிரைவரும் உதவியாளும் பழகிய கையால் அப்பாவை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். அம்மா கூடவே ஏறிக்கொண்டாள். தம்பியையும் ஏறச் சொன்னாள் அவள். "நீ?" என்று கேட்டான்.

"டயர்ல காத்து இல்லடா. கல்லுல பிடிப்பு வேணும்னு மேல ஏறறப்ப அப்பா இறக்கி விட்டது. அடிச்சிட்டு வந்துடறேன். நீங்க போங்க, நிக்காதீங்க."

ஆம்புலன்ஸ் வழுவழுவென்ற சாலையில் வழுக்கிக்கொண்டு போய் வளைவில் மறைந்தது. அவள் பம்பை எடுத்து பேட்டரியில் மாட்டி, முதல் டயரில் செருகினாள். அது டகடகவென்று அடித்து முடிக்கும்வரை நிற்கப் பிடிக்காமல் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கதவில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள். தலையில் கூரை இடித்த இடம் வீங்கியிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது டயரில் இருக்கும்போது ஒரு புது வண்டி பக்கத்தில் வந்து நின்றது. மேலே கூடார மூட்டை, பின்னால் இரண்டு குழந்தைகள். ஓட்டிக்கொண்டிருந்தவன் கண்ணாடியை இறக்கினான்.

"மேலேருந்தா வர்றீங்க? ரோடு எப்படிங்க இருக்கு, போலாமா?"

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "போலாம். டயர்ல பாதிக் காத்த இறக்கிட்டுப் போங்க. இடது ஓரமாவே ஏறுங்க. ஒரு ஓடை வரும், அங்க இவங்க எல்லாரையும் இறக்கி விட்டுடுங்க. நடுவுல ரெண்டு கல்லு இருக்கு. அந்த எடத்துல மட்டும் மெதுவா போகாதீங்க, மாட்டிக்கும்."

"அழுத்திடணும்ங்கிறீங்க."

"அழுத்திடணும்."

பக்கத்து சீட்டிலிருந்த அவன் மனைவி குனிந்து எட்டிப் பார்த்தாள். "ரொம்ப ஆட்டுமாங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஆட்டும்" என்றாள்.

அவர்கள் நன்றி சொல்லிவிட்டு, காற்றை இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள். அவள் பம்பைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி தாரை விட்டு மண்ணில் இறங்கி, முதல் பள்ளத்தில் ஒரு ஆட்டம் ஆடியது. சன்னலுக்குள் அந்தப் பெண்ணின் கை மேலே உயர்ந்து, கூரையோரத்துக் கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.