இரண்டுக்கும் சேர்த்து ஒரு கை

சிவகுருநாதனுக்கு மூச்சு முட்டும் வருத்தம் வந்து பல வருடங்களாகிவிட்டன. துறைமுக இழுவைப் படகுகளின் இயந்திர அறையில் வேலை செய்த காலத்தில் நெஞ்சுக்குள் போன டீசல் புகை, ஓய்வு பெற்ற பிறகும் அவரை விடவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த அந்தத் தொடர்மாடியின் நான்காம் மாடியில் அவரும் மனைவி புஸ்பராணியும் வீடு வாங்கியதே கடல்காற்றுக்காகத்தான். ஆனால் காற்றோடு கீழ்மாடி ஜெயகாந்தனின் சிகரட் புகையும் ஏறி வந்தது. பல்கனிக் கதவைப் பூட்டி, அடியில் ஈரத்துணி செருகினாலும் வந்தது. அப்போதெல்லாம் சிவகுருநாதன் கட்டிலில் குந்தி, கைகளை முழங்காலில் ஊன்றி, மூச்சை இழுத்து இழுத்து எடுப்பார். புஸ்பராணி அவர் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பாள்.

எதிர்வீட்டில் ஜெனிதா இருந்தாள். வங்கியில் வேலை. தாய் இறந்த பிறகு அவளுக்குத் துணை ரிக்கி என்ற நாய்தான். மழைநாளொன்றில் துறைமுக வாசலருகே நொண்டிக்கொண்டு நின்ற சிவப்புக் குட்டியைத் தூக்கி வந்து வளர்த்திருந்தாள். அவள் வேலைக்குப் போனதும் ரிக்கி புஸ்பராணி வீட்டுக்கு வந்துவிடும். பகல் முழுவதும் சிவகுருநாதனின் கட்டிலடியில் கிடக்கும். அவர் அதற்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவார்.

ஒருநாள் ஜெனிதா நாயைக் கூட்டிப்போக வந்தபோது சிவகுருநாதன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிப் பொறுக்க ஏலாது அன்ரி. குடியிருப்பாளர் கூட்டத்தில நான் கதைக்கிறன்."

சொன்னபடியே கதைத்தாள். கூட்டம் ஞாயிறு காலை கீழே வாகனத் தரிப்பிடத்தில் நடந்தது. எல்லோரும் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். கட்டடத்துக்குள் யாரும் சிகரட் பத்தக்கூடாது என்று தீர்மானம் போடவேண்டும் என்றாள் ஜெனிதா. பலர் தலையாட்டினார்கள்.

ஜெயகாந்தன் எழும்பினான். கோபமாகக்கூட இல்லை; களைத்த குரலில்தான் பேசினான்.

"என்ர வீட்டுக்குள்ள நான் பத்திறது கரைச்சல் எண்டா, இவவின்ர நாய் குரைக்கிறது கரைச்சல் இல்லையோ? என்ர அம்மாவுக்குப் பகலிலயும் நித்திரை இல்லை. லிப்டுக்குள்ள நாய் மயிர். அது மட்டும் நெஞ்சுக்கு நல்லதோ? நான் விடுறன். ஆனா நாயும் போகவேணும்."

அதற்கும் தலைகள் ஆடின. தலைவர் முனீப் தயங்கினார். ஒன்றை விட்டு மற்றதைத் தடுத்தால் சண்டைதான் மிஞ்சும் என்று யாரோ சொன்னார்கள். கடைசியில், "சரி, ரெண்டையும் சேர்த்தே கேக்கிறன். விருப்பமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றார்.

ஜெனிதா கையைத் தூக்கவில்லை. புஸ்பராணி மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்தாள். முதல்நாள் இரவு கணவரின் உதடுகள் நீலம் பாரித்தது நினைவுக்கு வந்தது. வலது கையைத் தூக்கினாள். தூக்கும்போது ஜெனிதா திரும்பிப் பார்த்தது அவளுக்குத் தெரிந்தது.

அவள் கை இல்லாவிட்டாலும் வாக்குப் போதும் என்று முனீப் பிறகு சொன்னார். அதைக் கேட்டு அவளுக்கு ஆறுதல் வரவில்லை. இன்னும் கேவலமாகத்தான் இருந்தது.

ஜெனிதா ரிக்கியைத் தெற்கே இலங்கைத்துறையில் கடற்றொழில் செய்யும் மச்சான் டினேஷ் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். ஒரு கிழமை கழியுமுன் டினேஷ் தொலைபேசி எடுத்தான். நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். கடைசியாக, திருகோணமலைக்கு வரும் வழியில் தோப்பூர்ப் பக்கம் கண்டவர்கள் இருக்கிறார்களாம்.

அடுத்த ஞாயிறு ஜெனிதா தேடப் புறப்பட்டபோது புஸ்பராணியும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். "நானும் வாறன் பிள்ளை." ஜெனிதா வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தோப்பூர்ச் சந்தையில் இறைச்சிக் கடைக்காரரிடம் கேட்டார்கள். போனிலிருந்த படத்தைக் காட்டினார்கள். வயல் வரம்புகளில் நின்று "ரிக்கி, ரிக்கி" என்று ஜெனிதா கூப்பிட்டாள். அவள் ஓய்ந்தபோது புஸ்பராணி கூப்பிட்டாள். வேறு நாய்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. ஒருவர், திருகோணமலை வீதியில் சிவப்பு நாயொன்று லொறியில் அடிபட்டுக் கிடந்ததாகவும், பொடியன்கள் குழி தோண்டி அதைத் தாட்டுவிட்டதாகவும் சொன்னார். கழுத்தில் பட்டி இருந்ததா என்று ஜெனிதா கேட்டாள். அவர் கவனிக்கவில்லை.

"வீட்டுப் பக்கம்தான் வந்திருக்கு" என்றாள் ஜெனிதா.

திரும்பும் பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது அவள் யன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"உங்களோட கோவம் இல்லை அன்ரி. உங்கட இடத்தில நானும் அதைத்தான் செய்திருப்பன். ஆனா கொஞ்ச நாளைக்கு என்ர கதவைத் தட்டாதேங்கோ."

"ஓம் பிள்ளை" என்றாள் புஸ்பராணி.

கூட்டத்தில் நடந்தது எதுவும் சிவகுருநாதனுக்குத் தெரியாது. நாய் ஊருக்குப் போயிருக்கிறது என்று மட்டும் நினைத்திருந்தார். புகை நின்ற பிறகு நன்றாகத் தூங்கினார். முகத்தில் கொஞ்சம் நிறம்கூட வந்திருந்தது. அன்றைக்கும் அவர், "ரிக்கி எப்ப வரும்?" என்று கேட்டார். புஸ்பராணி கட்டில் விளிம்பில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீயும் கை தூக்கினனியோ?"

"ஓம்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். "என்னைக் கேட்டிருந்தா வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன்."

"தெரியும். அதாலதான் கேக்கேல்லை."

பங்குனியில் ஜெனிதா மட்டக்களப்புக்கு இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனாள். அலுமாரியைக் கீழே இறக்க ஜெயகாந்தன் வந்து தோள் கொடுத்தான். முடிந்ததும் வெளி வாசலுக்குப் போய் வெயிலில் நின்று சிகரட் பத்தினான்.

புறப்படுமுன் ஜெனிதா உள்ளே வந்து சிவகுருநாதனின் கையைப் பிடித்தாள். "அங்கிள், மருந்தை நேரத்துக்கு எடுங்கோ, என்ன?" அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

புஸ்பராணி லிப்ட்வரை கூடப் போனாள். ஜெனிதாவின் பையைத் தானே வாங்கி உள்ளே வைத்தாள்.

"போட்டு வாறன் அன்ரி" என்றாள் ஜெனிதா.

லிப்ட் கதவு மூடிக்கொண்டது.